பக்கத்து வீட்டுக்கு வைஃபை பாஸ்வேர்ட் கொடுத்தேன், இப்போது மாற்றினால் தப்பா?

கீழவாசல்காரன் | ஞாயிறு, இரவு 9:12

மதுரையில் காம்பவுண்டு வீடு. ஒரே வாசல், உள்ளே ஆறு குடித்தனம், எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர் மோட்டார். நான் வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன். 100 எம்பிபிஎஸ் வேக ஃபைபர் இணையம், ஜிஎஸ்டியோடு மாதம் 943 ரூபாய்.

2020 ஜூலையில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பாஸ்வேர்ட் கொடுத்தேன். அவர் வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். மகன் அப்போது எட்டாவது. வீட்டில் ஒரே போன், நாளைக்கு 1.5 ஜிபி. முதல் இரண்டு வகுப்பிலேயே தீர்ந்துவிடும். மிச்ச நேரம் பையன் வாசலில் பம்பரம் விட்டுக்கொண்டிருப்பான். பார்க்கப் பொறுக்காமல் நானே போய்ப் போட்டுக் கொடுத்தேன், யாரும் கேட்கவில்லை.

அந்தப் பையன் இப்போது காலேஜ் முதல் வருடம். பாஸ்வேர்டும் கூடவே வளர்ந்துவிட்டது. போன வியாழக்கிழமை டீம் மீட்டிங்கில் என் குரல் நாலு தடவை அறுந்தது. ரூட்டர் பக்கத்தைத் திறந்து பார்த்தால் 19 கருவிகள்! எங்கள் வீட்டில் 6. அக்கா வீட்டில் மிஞ்சிப்போனால் 3. மீதி 10 யாருடையது? அதில் ஒன்றின் பெயர் 'லிவிங் ரூம் டிவி'. எங்கள் காம்பவுண்டில் யார் வீட்டிலும் லிவிங் ரூமே கிடையாது.

ராத்திரி வாசல் பக்கம் போனால் படியில் நாலு பையன்கள் வரிசையாக உட்கார்ந்து கேம் ஆடிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் 'வணக்கம்ணே' என்று மரியாதையாக எழுந்து நின்றார்கள். என்னத்தைக் கேட்பது?

பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, 'கம்பெனிக்காரன் வந்து பாக்ஸை மாத்திட்டான்க்கா, பழையது வேலை செய்யாது' என்று சொல்லிவிடலாம் என்பது என் யோசனை. வீட்டம்மா, 'அக்காகிட்ட அப்படியெல்லாம் பண்ணாதீங்க' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். காரணம் கேட்டால் பதில் இல்லை. ஐந்து வருடம் கொடுத்ததை நிறுத்துவது தப்பா? உங்கள் வீட்டில் எப்படி?

---

அரைடிக்கெட் | ஞாயிறு, இரவு 9:20

இதுக்கு ஒரு இழை வேறயா? மாத்திட்டுத் தூங்குங்க சார்.

---

கம்பிவடம் | ஞாயிறு, இரவு 10:05

பதினாலு வருடமாகக் கேபிள், அப்புறம் ஃபைபர் இழுக்கிற வேலை. நியாயம் பேச ஆட்கள் வருவார்கள், நான் பாக்ஸைப் பற்றிச் சொல்கிறேன்.

உங்கள் மீட்டிங் அறுந்ததற்கு டேட்டா தீர்ந்தது காரணமாக இருக்காது. 'அன்லிமிடெட்' திட்டங்களில் பெரும்பாலும் மாதம் 3,300 ஜிபி என்று ஒரு வரம்பு இருக்கும். அதாவது நாளைக்கு 110 ஜிபி. நாலு பையன்கள் கேம் ஆடி அதைக் காலி பண்ண முடியாது. கேம் தின்பது கொஞ்சம்தான், அப்டேட் இறங்கும்போதுதான் ஜிபி கணக்கு.

சிக்கல் காற்றில் இருக்கிறது. உங்களிடம் இருப்பது கம்பெனி கொடுத்த சாதா பாக்ஸ் என்றால், ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேசும். பக்கத்தில் இருக்கும் போன் சட்டென்று பேசி முடித்துவிடும். இரண்டு சுவர் தாண்டி வாசல்படியில் இருக்கும் போன் சிக்னல் இல்லாமல் இழுத்து இழுத்துப் பேசும். அது முடிக்கும்வரை உங்கள் லேப்டாப் காத்துக் கிடக்கும். ரேஷன் கடையில் ஒரு பாட்டிக்குக் கைரேகை விழவில்லை என்றால் பின்னால் மொத்த வரிசையும் நிற்கிறது இல்லையா, அதுதான்.

இன்னொன்று. வைஃபையின் 2.4 கிகா அலைவரிசையில் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல் மூன்றே மூன்று: 1, 6, 11. ஆறு குடித்தனத்துக்கும் ஆறு பாக்ஸ் போட்டால் ஒன்றை ஒன்று அமுக்கும். நடுவில் ஒரே ஒரு நல்ல பாக்ஸ் வைத்து ஆறு வீடும் பகிர்ந்தால் சிக்னல் கணக்கில் அதுதான் மேல். (கனெக்‌ஷனுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிறவன் நான். என் வயிற்றில் நானே அடித்துக்கொள்கிறேன்.)

லேப்டாப்பை 5 கிகா அலைவரிசையில் போடுங்கள், முடிந்தால் லேன் வயரே போட்டுவிடுங்கள். அக்காவுக்கு கெஸ்ட் நெட்வொர்க் (அதே பாக்ஸில் வேறு பெயர், வேறு பாஸ்வேர்ட்) தனியாக. மேக் ஃபில்டர் போட்டு, அதாவது கருவியின் அடையாள எண்ணை வைத்துத் தடுத்து, ஒவ்வொரு போனாகத் துரத்தலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். ஆண்ட்ராய்டு 10-லிருந்து போன்களே மேக் முகவரியை மாற்றிக் காட்டுகின்றன. அதே 10-ல்தான் வைஃபையை க்யூஆர் கோடாகக் காட்டும் வசதியும் வந்தது. அதற்கு அப்புறம் பாஸ்வேர்ட் ரகசியம் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். ஒருத்தனிடம் இருந்தால் ஊரிடமே இருக்கிறது என்று அர்த்தம்.

---

ரசீதுகேட்பவர் | ஞாயிறு, இரவு 10:31

எல்லோரும் 'கொடுக்கலாமா, நிறுத்தலாமா' என்று பேசுகிறீர்கள். கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. வீட்டு கனெக்‌ஷனை அந்த வீட்டுக்காரர் சொந்தமாக உபயோகிக்க வேண்டும் என்றுதான் விதிமுறையில் இருக்கும். படிக்காமல் 'ஏற்கிறேன்' என்று தட்டியிருப்போம், அது வேறு. ஆறு குடித்தனம் ஒரு பில் என்றால், ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் பஸ் ஏறுவது மாதிரிதான். சின்னதாக இருப்பதால் உறுத்தவில்லை.

---

கம்பிவடம் | ஞாயிறு, இரவு 10:50

ரசீது சார், கம்பெனி எப்படி விற்கிறது என்று தெரிந்தால் கொஞ்சம் கோபம் குறையும். மேலிருந்து வரும் ஒரு ஃபைபர், கம்பத்தில் இருக்கும் ஸ்ப்ளிட்டரில் 32 வீடாகப் பிரியும், சில இடத்தில் 64. அந்த ஃபைபரில் மொத்தமே சுமார் 2.5 ஜிபிபிஎஸ்தான் (2,500 எம்பிபிஎஸ்) இறங்குகிறது. 64 வீட்டுக்கும் 'உனக்கு 100' என்று விற்றால் 6.4 ஜிபிபிஎஸ் ஆகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார மாட்டார்கள் என்கிற கல்யாணப் பந்திக் கணக்கு. உங்கள் தெருவை ஏற்கெனவே பங்கு போட்டு வைத்திருப்பதே கம்பெனிதான்.

---

ரசீதுகேட்பவர் | ஞாயிறு, இரவு 11:02

பந்திக் கணக்கு எனக்கும் தெரியும். பத்திரிகை ஒரு வீட்டுக்குத்தானே வைத்தார்கள்? நீங்கள் தெருவையே கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தால் கடைசிப் பந்திக்கு ரசம்கூட இருக்காது. அந்தக் கடைசிப் பந்தி கம்பெனி முதலாளி இல்லை. அதே ஸ்ப்ளிட்டரில் ஒழுங்காகப் பணம் கட்டிக்கொண்டிருக்கும் 63 வீடு.

---

கம்பிவடம் | ஞாயிறு, இரவு 11:04

சரி, அது நியாயமான பேச்சு.

---

திண்ணைவாசி | திங்கள், காலை 6:15

பிள்ளைகளே, உங்களுக்கு பி.பி. நம்பர் தெரியுமா? எண்பதுகளில் போனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்போம். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் போன். அந்த எண் அந்த வீட்டுக்கு மட்டும் இல்லை, தெருவுக்கே. கல்யாணப் பத்திரிகையில், வேலைக்குப் போடும் விண்ணப்பத்தில், எண்ணை எழுதி அடைப்புக்குறிக்குள் 'பி.பி.' என்று போடுவோம். யாராவது கூப்பிட்டால் அந்த வீட்டுப் பையன் ஓடிவந்து சொல்வான். நாம் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவோம்.

நாம் வெளியே பேச வேண்டுமென்றால் போன் பக்கத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். அதில் காசு போட வேண்டும். போடச் சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை. போடாமல் வந்தவனைத் தெரு மறந்ததும் இல்லை. அந்த வீட்டு மாமிக்கு எல்லோர் வீட்டுச் சங்கதியும் தெரியும். யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், யார் கடன் கேட்டு மெட்ராஸுக்குப் பேசினார்கள், எல்லாம். பேசும்போது மாமி அடுக்களையில் ஏதோ உருட்டிக்கொண்டே இருப்பார். காது மட்டும் இங்கே இருக்கும்.

அதனால் பகிர்வது ஒன்றும் புதிது இல்லை. கீழவாசல் தம்பி செய்தது நல்ல காரியம். நிறுத்துவதாக இருந்தாலும் பொய் சொல்லி நிறுத்தாதீர்கள். ஒரே வாசல் என்கிறீர்கள், எத்தனை நாள் தாங்கும் அந்தப் பொய்?

---

வக்கீல்குமாஸ்தா | திங்கள், மதியம் 1:40

திண்ணை ஐயா சொன்ன பி.பி. நம்பருக்கும் வைஃபைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அன்றைக்கு அந்த போனில் பேசியவர் மாமியின் கண் முன்னால் நின்று பேசினார். இன்றைக்குப் படியில் உட்கார்ந்திருக்கும் பையன் என்ன செய்கிறான் என்று கீழவாசல்காரருக்குத் தெரியாது. ஆனால் வெளியே போவதெல்லாம் அவர் பெயரில் போகிறது. அவர் கொடுத்தது வேகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், கூடவே பெயரையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.

2008 ஜூலை 26 அன்று ஆமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. அது கிளம்பிய இணைய லைனின் அடையாள எண்ணான ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போலீஸ் போய் நின்ற இடம் நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீடு. அவருடைய வைஃபையில் யாரோ புகுந்து அனுப்பியிருந்தார்கள். அவருக்குச் சம்பந்தமில்லை என்று கடைசியில் தெளிவானது. ஆனால் அதற்கு முன் விசாரணை, வீட்டுக் கணினிகள் சோதனை, செய்திகளில் அவர் பெயர், எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. அதையொட்டித்தான் 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபையைப் பூட்டு இல்லாமல் விடக் கூடாது, யார் நுழைகிறார்கள் என்பது தெரிய வேண்டும் என்று இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. விமான நிலையத்தில் ஓடிபி கேட்கிறார்களே, அந்த வழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது.

இப்போது சட்டம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சும்மா பாஸ்வேர்ட் கொடுப்பது ஒன்று. மாதம் 200 ரூபாய் வீதம் வாங்கிக்கொண்டு ஐந்து வீட்டுக்கு கேபிள் இழுத்து விடுவது வேறு. இரண்டாவது, அனுமதி இல்லாமல் தொலைத்தொடர்புச் சேவை நடத்துவது என்ற பக்கம் போய்விடும். 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தில் அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 2 கோடி வரை அபராதம், அல்லது இரண்டும். 'செலவைப் பகிர்ந்துகொண்டோம், அவ்வளவுதான்' என்று வாதாடலாம்தான். ஆனால் வாதாடுகிற இடத்துக்கு ஏன் போக வேண்டும்?

கேட்காமல் அடுத்தவர் வைஃபையில் ஏறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ம் பிரிவின்படி உரிமையாளர் அனுமதி இல்லாமல் நுழைந்தால் இழப்பீடு. நேர்மையற்ற நோக்கமும் சேர்ந்தால் 66-ம் பிரிவு. மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம், இரண்டுமாகவும் இருக்கலாம்.

---

அரைடிக்கெட் | திங்கள், மதியம் 2:03

குமாஸ்தா சார், இது காலம் கடந்த வழக்குதானே? 2011-ல் திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தபோது எதிர் மாடியில் பாஸ்வேர்டே இல்லாமல் ஒரு வைஃபை. ஜன்னலில் லேப்டாப்பை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சாய்த்து வைத்தால் இரண்டு கோடு சிக்னல். அந்த ஜன்னலுக்கு நாங்கள் மூன்று பேர் முறை போட்டிருந்தோம். நான் முதல் வேலைக்கு விண்ணப்பித்தது அந்த சிக்னலில்தான். கதவைத் திறந்து வைத்தவர் வரச் சொல்கிறார் என்றுதானே அர்த்தம்?

---

ரசீதுகேட்பவர் | திங்கள், மதியம் 2:20

கதவைத் திறந்து வைத்தது காற்று வருவதற்கு. நீங்கள் வருவதற்கு இல்லை.

---

நெறியாளர் | திங்கள், மாலை 4:00

பாஸ்வேர்ட் உடைக்கும் வழி சொன்ன இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. மூன்றாவதாகவும் யாரும் முயல வேண்டாம்.

---

ஸ்டுட்கார்ட்வாசி | திங்கள், இரவு 8:55

இங்கே ஜெர்மனியில் இந்த விஷயம் ஒரு காலத்தில் பெரிய தலைவலி. நம் ஊரில் போலீஸ் பயம், இங்கே தபால் பயம். உங்கள் வைஃபையில் யாராவது ஒரு படத்தை டொரண்டில் திருட்டுத்தனமாக இறக்கினால் கொஞ்ச நாளில் வக்கீல் அலுவலகத்திலிருந்து தடித்த கவர் வரும். 'இனி செய்ய மாட்டேன்' என்று கையெழுத்துப் போடு, கூடவே இவ்வளவு யூரோ கட்டு. இறக்கியது நீ இல்லையா? உன் லைன்தானே, நீதான் பொறுப்பு.

2010 மே மாதம் இங்குள்ள கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், வீட்டு வைஃபையை ஒழுங்காகப் பூட்டாதவர் அடுத்தவர் செய்ததற்கும் ஓரளவு பதில் சொல்ல வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கப்புறம் ஜனங்கள் விருந்தாளிக்குக் காபி கொடுத்தாலும் பாஸ்வேர்ட் கொடுக்க யோசித்தார்கள். கஃபேக்களிலும் பொது வைஃபை அபூர்வம். பொறியியல் நாட்டில் இப்படியா என்று வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வந்தது.

அதை எதிர்த்தே ஃப்ரைஃபுங்க் என்று ஒரு தன்னார்வலர் கூட்டம் வேலை செய்தது. வீட்டு ரூட்டரின் ஒரு பங்கை யார் வேண்டுமானாலும் உபயோகிக்கத் திறந்து விடுவார்கள். வக்கீல் கவர் வராமல் இருக்க, பல ஊர்களில் அந்தப் போக்குவரத்தை விபிஎன் என்கிற மறைவுப் பாதை வழியாக வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். பக்கத்துத் தெருவுக்கு உதவி செய்யச் சுவீடன் வரை சுற்றிப் போவது! 2017-ல் சட்டத்தைத் திருத்தியபிறகு அந்தப் பொறுப்பு பெரும்பாலும் விலகியது. ஆனால் பழகிய பயம் போகவில்லை. என் வீட்டுக்கு எதிரே இருக்கும் தாத்தா வாரம் தவறாமல் தோட்டத்துத் தக்காளி கொடுப்பார். பாஸ்வேர்ட் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

---

செல்லம்மா பேத்தி | திங்கள், இரவு 11:30

இதுவரை பேசிய எல்லோரும் கொடுத்தவர்கள், இல்லையென்றால் திருடியவர்கள் (அரைடிக்கெட் அண்ணா, மன்னிக்கவும்). வாங்கியவள் ஒருத்தி பேசுகிறேன்.

கோவில்பட்டி பக்கம் ஒரு ஊர். 2020-ல் நான் பன்னிரண்டாவது. எங்கள் தெருவில் ஒரு மாமா வீட்டில் மட்டும் நெட் இருந்தது. அவரே கூப்பிட்டுப் பாஸ்வேர்ட் கொடுத்தார். நல்ல மனிதர், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது என்பதால் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிப்பேன். கொசுவுக்கு ஒரு காலை மாற்றி ஒரு காலால் தேய்த்துக்கொண்டே கெமிஸ்ட்ரி வீடியோ பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கொஞ்ச நாளில் அத்தை வெளியே வந்து, 'சும்மாதானே இருக்க, இந்தக் கீரையை ஆய்ஞ்சு தாயேன்' என்பார். ஆய்ந்து கொடுப்பேன். அப்புறம் குடத்தில் தண்ணீர். அப்புறம் மாமாவுக்கு கரண்ட் பில் ஆன்லைனில் கட்டுவது, அவர் தங்கச்சி மகளுக்கு விண்ணப்பம் போடுவது. எதுவுமே பெரிய வேலை இல்லை. முடியாது என்று சொல்லும் இடத்தில் நான் இல்லை, அதுதான் வேலையைவிடக் கனமாக இருந்தது.

ஒரு நாள் மாமா சிரித்துக்கொண்டே, 'என்னம்மா, நேத்து ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் உன் போன் ஓடிருக்கே, அவ்வளவு படிப்பா?' என்றார். ரூட்டர் பக்கத்தில் பார்த்திருக்கிறார். அன்றைக்கு நான் போனைத் திண்ணை ஜன்னலிலேயே சார்ஜில் விட்டுவிட்டுத் தூங்கப் போயிருந்தேன், அது பாட்டுக்கு அப்டேட் ஆகியிருக்கிறது. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அப்பா எதுவும் சொல்லவில்லை. மறுநாள் பாதி நாள் கூலியைப் போட்டு எனக்குத் தனியாக ஒரு ரீசார்ஜ் பண்ணிக் கொண்டுவந்தார்.

கீழவாசல் அண்ணா, நீங்கள் நிறுத்துங்கள், நிறுத்தாதீர்கள், அது உங்கள் இஷ்டம். ஆனால் அந்த 19 கருவியின் பட்டியலை வைத்துக்கொண்டு யார் எத்தனை மணிக்கு என்ன செய்தார்கள் என்று அக்காவிடம் போய் நிற்காதீர்கள். வேகத்தைக் குறைப்பதாக இருந்தால் சொல்லிவிட்டுக் குறையுங்கள். சொல்லாமல் குறைத்தால் அந்தப் பையன் தன் போன்தான் மட்டம் என்று நினைத்துக்கொண்டிருப்பான். நான் அப்படித்தான் நினைத்தேன்.

---

கம்பிவடம் | செவ்வாய், காலை 7:10

படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை தங்கச்சி.

ஒரு விவரம் மட்டும். வீட்டு ரூட்டரில் கருவியின் பெயர், எப்போது ஏறியது, எவ்வளவு டேட்டா போனது என்பதெல்லாம் தெரியும். சிலவற்றில் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற பெயரும் தெரியும். அதற்குள் என்ன பார்த்தார்கள், என்ன எழுதினார்கள் என்பது இப்போதெல்லாம் பெரும்பாலும் பூட்டிய கவராகத்தான் போகும். கடிதத்தைப் படிக்க முடியாது, மேலே இருக்கும் விலாசத்தைப் படிக்கலாம். மனிதனுக்கு விலாசமே போதும், மீதியை அவனே கற்பனை பண்ணிக்கொள்வான்.

---

கீழவாசல்காரன் | செவ்வாய், இரவு 9:45

செல்லம்மா பேத்தி, உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பட்டியலை நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன், அக்காவிடம் காட்டலாம் என்று. அழித்துவிட்டேன்.

கூடவே ஒன்று. நாங்கள் அக்காவிடம் ஒரு வேலையும் வாங்கியதில்லை, காசும் வாங்கியதில்லை. முழுக்க சும்மா கொடுத்ததுதான். அதனால்தான் நிறுத்தவும் எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்தேன்.

---

திண்ணைவாசி | செவ்வாய், இரவு 10:02

தம்பி, இதை உங்கள் வீட்டம்மாவிடம் கேட்டீர்களா?

---

ரசீதுகேட்பவர் | புதன், காலை 10:15

அதற்குள் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன், எப்போதும் குறைதான் சொல்கிறேன் என்று பெயர் வந்துவிட்டது. ஒழுங்கான வழியில் பகிரவும் இடம் இருக்கிறது. பிஎம்-வாணி என்று ஒரு திட்டம், 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. டீக்கடை, மளிகைக் கடை யார் வேண்டுமானாலும் 'பொது டேட்டா அலுவலகம்' என்ற பெயரில் வைஃபை விற்கலாம். கடைக்காரருக்கு உரிமமும் வேண்டாம், கட்டணமும் இல்லை. உபயோகிப்பவர்களைச் சரிபார்க்கும் வேலை, கணக்கு வைக்கும் வேலை எல்லாம் அவருக்கு மேலே இருக்கும் நிறுவனத்துடையது. இந்தக் கடைகளுக்குக் கொடுக்கும் லைனுக்கு, 200 எம்பிபிஎஸ் வரை, வீட்டு லைன் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவும் போட்டிருக்கிறது. வாசல்படிப் பையன்களுக்கு மூலைக் கடையில் இப்படி ஒன்று இருந்தால் கீழவாசல்காரருக்கு இந்த வேதனையே இல்லை.

---

அரைடிக்கெட் | புதன், காலை 10:40

ரசீது சார், எங்கள் ஏரியா டீக்கடையில் ஜிபே சவுண்ட் பாக்ஸே பாதி நேரம் சிக்னல் இல்லாமல் ஊமையாக இருக்கிறது. அவர் டேட்டா அலுவலகம் நடத்தி நான் பார்க்கணுமா?

---

கீழவாசல்காரன் | வெள்ளி, இரவு 10:20

கேட்டேன்.

'அக்காவுக்கு நாம ஒண்ணுமே வாங்காமத்தானே கொடுத்தோம்' என்றேன். அவள் பீரோவைத் திறந்து காட்டினாள். 2020 தீபாவளியிலிருந்து இவளுடைய அத்தனை பிளவுஸும் அக்கா தைத்தது. பாப்பாவின் பாவாடை சட்டை, ஸ்கூல் யூனிஃபார்ம், என் அம்மாவின் ஜாக்கெட், எதற்கும் அக்கா காசு வாங்கவில்லை. முதல் தடவை இவள் நீட்டியபோது 'நெட்டுக்கு நான் என்ன கொடுத்தேன், போ' என்று கையைத் தள்ளிவிட்டாராம். அதிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளாமலே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு ஏன் சொல்லவில்லை என்றால், 'சொன்னா நீங்க போய்க் காசு கொடுத்து அவங்க முகத்தைச் சுண்ட வைப்பீங்க' என்கிறாள். செய்திருப்பேன், மறுக்கவில்லை.

இங்கே லைனிங் வைத்த பிளவுஸ் ஒன்றுக்குத் தையற்கூலி என்ன என்று விசாரித்துப் பார்த்தேன். கூட்டிக் கழித்தால் நான் கட்டிய பில்லில் பாதிக்கு மேல் வரும் போலிருக்கிறது. ஐந்து வருடமாக நான் தர்மப் பிரபு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நேற்று அக்கா வீட்டுக்குப் போனேன். பாக்ஸை மாற்றிவிட்டார்கள் என்ற கதையெல்லாம் சொல்லவில்லை. 'மீட்டிங் அறுந்து போகுதுக்கா, நிறைய பேர் ஏறிட்டாங்க, பாஸ்வேர்டை மாத்தப் போறேன், உங்களுக்குத் தனியா ஒண்ணு போட்டுத் தர்றேன்' என்றேன். பட்டியலைப் பற்றிப் பேசவில்லை. அக்கா மெஷினை நிறுத்தாமலே மகனைப் பார்த்தார். அவன் காதுவரை சிவந்துவிட்டது. 'பசங்க கேட்டாங்கண்ணே' என்றான். எட்டாவதில் இருந்தபோது எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை, இவனுக்கும் அதே மாதிரித்தான் போலிருக்கிறது. என்ன சொல்ல முடியும்?

கம்பிவடம் அண்ணன் சொன்னபடி லேப்டாப்புக்கு வயர், எங்களுக்கு 5 கிகா, அவர்களுக்கு கெஸ்ட். அதற்கு 40 எம்பிபிஎஸ் வரம்பு, அதைப் பையனிடம் சொல்லியே வைத்தேன். பெயர் என்ன வைக்கலாம் என்று கேட்டேன். 'தையல்கடை' என்று அவனே டைப் பண்ணினான்.

---

வக்கீல்குமாஸ்தா | சனி, காலை 9:05

மகிழ்ச்சி. ஆனால் நான் எழுதியதைத் திருத்திக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. நீங்கள் சும்மா கொடுத்தீர்கள் என்று வைத்துத்தான் கருத்துச் சொன்னேன். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி பிரதிபலன் என்பது காசாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஒரு வேலையைச் செய்து கொடுப்பதும் பிரதிபலனே. பீரோவைப் பூட்டி வையுங்கள்.

---

செல்லம்மா பேத்தி | சனி, காலை 9:30

அக்கா மெஷினை நிறுத்தவில்லை என்றீர்களே, அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

---

கீழவாசல்காரன் | ஞாயிறு, காலை 8:50

ஒரு புதுச் சிக்கல். காலையில் பால் வாங்கப் போனேன். தெருமுனை மாடிவீட்டுக்காரர் நிறுத்தி வைத்துக் கேட்கிறார்: 'தம்பி, ரெண்டு நாளா எங்க டிவி சுத்திக்கிட்டே நிக்குது. உங்க லைன்ல எதுவும் பிராப்ளமா?'

அந்த 'லிவிங் ரூம் டிவி' யாருடையது என்று தெரிந்துவிட்டது. இரண்டு மாடி, வாசலில் கார் நிற்கிற வீடு. பார்க்கிறேன் சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் மறுபடி கேட்பார். என்ன சொல்லட்டும்?

---

அரைடிக்கெட் | ஞாயிறு, காலை 8:52

கம்பெனிக்காரன் வந்து பாக்ஸை மாத்திட்டான்னு சொல்லுங்க.